கேமராவின் ரப்பர் மூடிக்குப் பின்னால்: எந்த போர்ட் எதற்கு, எந்த கேபிள் எதில்?

கேமரா வாங்கிப் பல மாதம் ஆகியும் இடது பக்க ரப்பர் மூடியைத் திறந்தே பார்க்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. மெமரி கார்டைக் கழற்றி ரீடரில் போட்டுப் படங்களை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடுகிறது. வெளி மைக் மாட்ட வேண்டும், ஒரு நிகழ்ச்சியை நேரலையாக அனுப்ப வேண்டும், இரவு முழுக்க நட்சத்திரங்களைப் படமெடுக்க வேண்டும் என்று தேவை வரும்போதுதான் மூடி திறக்கிறது. கூடவே குழப்பமும் ஆரம்பிக்கிறது. கேபிளின் பின் சரியாக நுழைகிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். துளையின் வடிவத்தைப் பார்த்து அது என்ன செய்யும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். வடிவம் பாதிச் செய்தியைத்தான் சொல்லும். அதன் வழியே என்ன போகிறது, எந்தத் திசையில் போகிறது, மெனுவில் எதை மாற்றினால் போகும் என்பதெல்லாம் தனித்தனி விஷயம். எந்த போர்ட்டைப் பார்த்தாலும் இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் போகின்றன.

படி 1: கேமராவில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுங்கள்

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து எல்லா மூடிகளையும் திறந்து பாருங்கள். இடது பக்கம் மட்டும் போதாது. வலது பக்கக் கைப்பிடி ஓரத்திலும் முன்பக்கத்திலும்கூட சில மாடல்களில் ரிமோட் போர்ட் ஒளிந்திருக்கும். மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவும் ஒரு இணைப்புதான். பேட்டரி கதவின் ஓரத்தில் குட்டியாக ஒரு ரப்பர் மடிப்பு தெரிகிறதா? அதையும் குறித்துக்கொள்ளுங்கள், படி 4-இல் வேலை இருக்கிறது.

அப்புறம் கேமராவின் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி, கடைசிப் பக்கங்களில் இருக்கும் விவரக்குறிப்பில் இன்டர்ஃபேஸ் என்ற பகுதியைப் பாருங்கள். அங்கேதான் உண்மை இருக்கும். விளம்பரத்தில் "டைப்-சி" என்று மட்டும் போடுவார்கள். கையேட்டில்தான் அது யூஎஸ்பி 2.0-வா, 3.2-வா என்று இருக்கும்.

இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். கேனான் 1500டி-யில் மினி யூஎஸ்பி, மினி எச்டிஎம்ஐ (டிவிக்குப் படம் அனுப்பும் போர்ட்), 2.5 மி.மீ. ரிமோட் போர்ட் இருக்கின்றன. மைக் போர்ட் கிடையாது. சோனி இசட்வி-இ10-இல் மைக், ஹெட்போன், டைப்-சி, மைக்ரோ எச்டிஎம்ஐ நான்கும் உண்டு. முதலாவது புகைப்படம் கற்றுக்கொள்பவருக்காகவும், இரண்டாவது வீடியோ எடுப்பவருக்காகவும் செய்யப்பட்டவை என்பது இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: மெகாபிக்சலைப் பார்ப்பதற்கு முன்னால் போர்ட்களைப் பாருங்கள். லென்ஸை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். இல்லாத போர்ட்டைப் பிறகு சேர்க்க முடியாது.

படி 2: யூஎஸ்பி போர்ட்டை அடையாளம் காணுங்கள்

இந்த ஒரு போர்ட்டில்தான் குழப்பம் அதிகம், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

கேமராக்களில் நான்கு வடிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பழையவற்றில் மினி யூஎஸ்பி. மொபைல் கடையில் வி3 கேபிள் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதற்கடுத்து வந்தது மைக்ரோ யூஎஸ்பி, கடை வழக்கில் வி8. மூன்றாவது பார்க்க விசித்திரமாக இருக்கும்: மைக்ரோ யூஎஸ்பி-யின் பக்கத்தில் இன்னொரு சின்னத் துளையை ஒட்டவைத்ததுபோல அகலமானது. நிக்கான் டி850, கேனான் 5டி மார்க் 4 போன்றவற்றில் இருப்பது அதுதான். வெளி ஹார்ட் டிஸ்க் கேபிளில் இதே பின் இருக்கும். நான்காவது இப்போது எல்லாப் புது மாடல்களிலும் வரும் டைப்-சி.

மினி யூஎஸ்பி மாதிரியே தோன்றி ஏமாற்றுகிற ஒன்றும் உண்டு. நிக்கானின் பழைய மாடல்கள் சிலவற்றில் யூசி-இ6 என்ற 8 முள் கேபிள்தான் போகும். சாதாரண மினி யூஎஸ்பி-யில் 5 முட்கள்தான். நுழையவில்லை என்று அழுத்தினால் உள்ளே இருக்கும் முள் மடங்கிவிடும். இதற்கு நேர்மாறானது சோனியின் மல்டி டெர்மினல். அது பார்க்க மைக்ரோ யூஎஸ்பி-யின் அண்ணன்போல ஒரு பக்கம் நீண்டிருக்கும். சாதாரண வி8 கேபிளும் அதில் போகும், சோனியின் ரிமோட்டும் போகும்.

இனி வேகம். யூஎஸ்பி 2.0-வின் உச்சம் வினாடிக்கு 480 மெகாபிட். ஏட்டுக் கணக்கில் அது 60 மெகாபைட். நடைமுறையில் 35 மெகாபைட் அளவில் கிடைத்தாலே நல்லது. அந்தக் கணக்கில் 64 ஜிபி கார்டு காலியாக அரை மணி நேரம் ஆகும். யூஎஸ்பி 3.0 வந்த 2008-இல் உச்ச வேகம் 5 கிகாபிட்டாக உயர்ந்தது. அதற்குப் பிறகு 10 கிகாபிட்டும் வந்தது. இந்த வேகத்தில் போர்ட் தடையாக இருக்காது. கார்டுதான் தடை. யூஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்சமே வினாடிக்கு 104 மெகாபைட்தான்.

டைப்-சி என்றாலே வேகம் என்று நினைப்பதுதான் இங்கே எல்லோரும் வழுக்கும் இடம். ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டப்பாவில் ஒன்றில் உப்பும் ஒன்றில் சர்க்கரையும் இருக்கிற கதை இது. கேனான் ஆர்50-இல் இருப்பது டைப்-சி, ஆனால் உள்ளே யூஎஸ்பி 2.0. அதே நிறுவனத்தின் ஆர்7-இலும் டைப்-சி, உள்ளே 10 கிகாபிட். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கேபிளிலும் இதே கதை. மொபைல் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு மட்டுமே செய்யப்பட்டவை. வேகமான கேமராவை வேகமான லேப்டாப்பில் இந்தக் கேபிளால் இணைத்தால் 480 மெகாபிட்தான் கிடைக்கும்.

மலிவான சில கேபிள்களில் இன்னொரு குறை: சார்ஜுக்கான கம்பிகள் மட்டும் இருக்கும், தகவல் கம்பிகளே இருக்காது. கேமரா சார்ஜ் ஆகிறது, ஆனால் கணினியில் தெரியவே இல்லை என்றால் வேறு எதையும் நோண்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பெட்டியில் 5 ஜிபிபிஎஸ் அல்லது 10 ஜிபிபிஎஸ் (அதாவது வினாடிக்கு இத்தனை கிகாபிட்) என்று வேகம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதிவேக சார்ஜிங் என்று மட்டும் போட்டிருந்தால் அது கேமரா வேலைக்கு ஆகாது என்று வைத்துக்கொள்ளலாம்.

படங்களை நகலெடுக்க மட்டும் என்றால் நான் யூஎஸ்பி பக்கமே போகமாட்டேன். நல்ல கார்டு ரீடர் வேகமாகவும் வேலை முடிக்கும், கேமரா பேட்டரியும் மிஞ்சும், போர்ட்டும் தேயாது. கேமராவின் யூஎஸ்பி போர்ட்டை ஸ்டூடியோ வேலைக்கும், வெப்கேமாக வைப்பதற்கும், சார்ஜுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மெனுவில் யூஎஸ்பி-க்கு வேலை சொல்லுங்கள்

கேபிள் சரி, போர்ட்டும் சரி. ஆனாலும் கணினியில் கேமரா தெரியவில்லை என்றால் பிரச்சினை மெனுவில் இருக்கும். சோனியில் யூஎஸ்பி கனெக்ஷன் என்ற பகுதியில் மாஸ் ஸ்டோரேஜ், எம்டிபி, பிசி ரிமோட் என்று விருப்பங்கள் வரும். முதலாவதில் கேமரா ஒரு பென் டிரைவ் மாதிரி நடந்துகொள்ளும். எம்டிபி-யும் கோப்புகளை எடுக்கத்தான். பிசி ரிமோட்டில் கணினியிலிருந்தே கேமராவை இயக்கலாம். புது மாடல்களில் யூஎஸ்பி ஸ்ட்ரீமிங் என்ற நான்காவது வேலையும் உண்டு.

கேனான் கேமராக்கள் பென் டிரைவ் மாதிரி டிரைவ் எழுத்தோடு வராது. அவை படங்களைப் பரிமாறுவதற்கான பிடிபி என்ற முறையில் பேசுகின்றன. அதனால் விண்டோஸில் போட்டோஸ் செயலியிலோ, மேக்கில் இமேஜ் கேப்சரிலோ, கேனானின் சொந்த இஓஎஸ் யுடிலிட்டியிலோ திறக்க வேண்டும். கேமரா வைஃபை வழியே போனோடு இணைந்திருந்தால் கேபிள் இணைப்பு வேலை செய்யாத மாடல்களும் உண்டு. வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

எடுக்கும் படம் உடனே பெரிய திரையில் தெரியும்படி இணைத்துவைப்பதை டெதரிங் என்பார்கள். நகைக் கடைக்கோ துணிக் கடைக்கோ பொருட்களைப் படமெடுப்பவர்களுக்கு இது பெரிய வரம். கேனானுக்கு இஓஎஸ் யுடிலிட்டி, நிக்கானுக்கு என்எக்ஸ் டெதர், சோனிக்கு இமேஜிங் எட்ஜ் என்று மூன்றுமே இலவசம். கேபிள் நீளத்தில் மட்டும் கவனம் தேவை. யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை தாங்கும். யூஎஸ்பி 3 வேகத்துக்கு 3 மீட்டரைத் தாண்டினால் இணைப்பு அடிக்கடி அறுந்துபோக வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நடுவில் சிக்னலைத் தூக்கிவிடும் ஆக்டிவ் கேபிள் வாங்க வேண்டும்.

வெப்கேமாகப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூஎஸ்பி வழியே எல்லா கேமராவும் முழுத் தரத்தைத் தருவதில்லை. இசட்வி-இ10 யூஎஸ்பி ஸ்ட்ரீமிங்கில் 720பி-தான் தரும். அதே கேமராவின் எச்டிஎம்ஐ-யில் 4கே வரும். ஜூம் மீட்டிங்குக்கு 720 போதும். யூடியூப் நேரலைக்கு எச்டிஎம்ஐ பக்கம்தான் போக வேண்டும்.

படி 4: மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

டைப்-சி இருப்பதாலேயே எந்த சார்ஜரிலும் ஓடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சோனி கேமராக்கள் பெரும்பாலும் சாதாரண 5 வோல்ட் சார்ஜரிலும் பவர் பேங்கிலும் மெதுவாகவாவது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். கேனான் ஆர்5, ஆர்6 போன்றவை அப்படியில்லை. பவர் டெலிவரி எனப்படும் பிடி வகைச் சார்ஜர்தான் வேண்டும், அதுவும் 9 வோல்ட் தரக்கூடியது. 5 வோல்ட் மட்டும் தரும் பழைய சார்ஜரை மாட்டினால் கேமரா கண்டுகொள்ளாது. போர்ட் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம்.

பேட்டரியும் ஒத்துழைக்க வேண்டும். கேனானின் பழைய எல்பி-இ6 பேட்டரி கேமராவுக்குள் வைத்தபடி சார்ஜ் ஆகாது. பின்னால் என், என்எச் என்று எழுத்து சேர்ந்தவை ஆகும். நிக்கானில் இஎன்-இஎல்15ஏ ஆகாது, 15பி-யும் 15சி-யும் ஆகும். மூன்றும் ஒரே அளவு, ஒரே கேமராவில் நுழையும். அச்சிட்ட கடைசி எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

சார்ஜ் ஏறுவதும் கேமரா ஓடுவதும் வேறு வேறு. பெரும்பாலான மாடல்களில் கேமராவை அணைத்தால் பேட்டரி சார்ஜ் ஆகும், ஆன் செய்தால் வெளி மின்சாரத்தில் ஓடும். சோனியில் யூஎஸ்பி பவர் சப்ளை என்பதை மெனுவில் ஆன் செய்திருக்க வேண்டும். ஓடும்போதும் உள்ளே கொஞ்சமாவது சார்ஜ் உள்ள பேட்டரி இருக்க வேண்டும். நிக்கான் இசட்8 இந்தத் தலைவலியை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது: அதில் இரண்டு டைப்-சி போர்ட்கள், ஒன்று தகவலுக்கு, மற்றது மின்சாரத்துக்கு.

யூஎஸ்பி-யில் ஓடவே முடியாத பழைய கேமராக்களுக்கு டம்மி பேட்டரி இருக்கிறது. பேட்டரி வடிவத்திலேயே ஒரு துண்டு, அதிலிருந்து ஒரு ஒயர். பேட்டரி கதவில் நாம் பார்த்த ரப்பர் மடிப்பு அந்த ஒயர் வெளியே வருவதற்குத்தான். 1500டி-க்கு கேனானின் டிஆர்-இ10 அப்படிப்பட்டது. நேரம் போவது தெரியாமல் ஓட வேண்டிய நேரலைக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. ஆனால் பெயரே இல்லாத மலிவுச் சரக்கை வாங்க வேண்டாம். வோல்டேஜ் ஏறி இறங்கினால் அடி வாங்குவது கேமராவின் மதர்போர்டு.

படி 5: எச்டிஎம்ஐ

அளவைப் பொறுத்து மூன்று வகை. டிவியில் இருக்கும் முழு அளவு சுமார் 14 மி.மீ. அகலம். மினி சுமார் 10.4 மி.மீ. மைக்ரோ 6 மி.மீ.க்கும் குறைவு. மூன்றிலும் 19 முட்கள்தான், ஒரே சிக்னல்தான். அளவு சிறியது என்பதால் தரம் குறையாது. உறுதி மட்டும் குறையும்.

மைக்ரோ எச்டிஎம்ஐ எனக்குப் பிடிக்காத போர்ட். 19 முட்களை 6 மி.மீ.க்குள் அடைத்து, அதில் ஒரு கனமான கேபிளைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? கேமராவைத் திருப்பும்போதெல்லாம் கேபிளின் எடை போர்ட்டை நெம்புகிறது. முதலில் படம் விட்டுவிட்டு வரும், பிறகு ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் வரும், கடைசியில் வராது. இந்தப் புகார் தயாரிப்பாளர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. சோனி ஏ7 மார்க் 3-இல் மைக்ரோ இருந்தது, மார்க் 4-இல் முழு அளவு வந்துவிட்டது. கேனான் ஆர்5-இல் மைக்ரோ, ஆர்5 மார்க் 2-இல் முழு அளவு.

உங்கள் கேமராவில் மைக்ரோதான் இருக்கிறது என்றால் செய்ய வேண்டியது இது. மெல்லிய, வளைந்து கொடுக்கும் குட்டைக் கேபிள் ஒன்றை வாங்குங்கள், ஒரு முனை மைக்ரோ, மறுமுனை முழு அளவு பெண் பின். அதைக் கேமராவைச் சுற்றி மாட்டும் கூண்டிலோ ட்ரைபாட் தட்டிலோ கிளாம்ப் போட்டு அசையாமல் கட்டிவிடுங்கள். கிளாம்ப் இல்லையென்றால் வெல்க்ரோ பட்டை போதும். நீளமான தடித்த கேபிளை இந்தக் குட்டைக் கேபிளில் மாட்டுங்கள். இனி யாராவது கால் தடுக்கி இழுத்தாலும் இழுபடுவது நூறு இருநூறு ரூபாய்க் கேபிள்தான். மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டு பக்கக் கருவிகளையும் அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

கேமராவின் எச்டிஎம்ஐ வெளியே அனுப்ப மட்டும்தான். லேப்டாப்பில் இருக்கும் எச்டிஎம்ஐ-யும் வெளியே அனுப்புவதுதான். இரண்டையும் நேரடியாக ஒரு கேபிளால் இணைத்துவிட்டு, லேப்டாப்பில் கேமரா படம் வரும் என்று காத்திருப்பவர்கள் ஏராளம். நடுவில் கேப்சர் கார்டு வேண்டும். எச்டிஎம்ஐ அதற்குள் போய் யூஎஸ்பி-யாக லேப்டாப்புக்கு வரும். மிக மலிவான கேப்சர் கார்டில் 4கே என்று போட்டிருந்தால், உள்ளே 4கே வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். வெளியே தருவது 1080-தான். பல கேமரா நேரலைக்கு, ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் ஏடெம் மினி போன்ற சுவிட்சர் வைத்திருப்பவர்கள் கேமரா எச்டிஎம்ஐ-யை அதில் நேராக மாட்டலாம்.

இப்போது மெனு. ஃபோகஸ் கட்டம், பேட்டரி அளவு, ஐஎஸ்ஓ எண் எல்லாம் நேரலைத் திரையில் தெரிகிறதா? எச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளே என்பதை ஆஃப் செய்யுங்கள். சில ஆரம்பநிலை கேமராக்களில் இந்த வசதி முழுமையாக இருக்காது. நேரலைக்கென்றே வாங்குபவர்கள் சுத்தமான எச்டிஎம்ஐ வருமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தது தானாக அணையும் நேரம். பவர் சேவ் அமைப்பை அணைக்காவிட்டால் நிகழ்ச்சி நடுவில் திரை கறுப்பாகிவிடும். மூன்றாவதாக, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவை பிஏஎல் முறையில், அதாவது 25 அல்லது 50 ஃபிரேமில் வைத்து, ஷட்டரை 1/50-இல் வைத்தால் ட்யூப் லைட், எல்இடி விளக்குகளின் மினுமினுப்பு பெருமளவு அடங்கும். சுவிட்சரிலும் அதே ஃபிரேம் எண்ணிக்கையை வையுங்கள்.

மேடையிலிருந்து மண்டபத்தின் கடைசி வரை கேபிள் இழுக்க வேண்டியிருந்தால் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் ஏமாற்றும். 4கே-யில் சில மீட்டரிலேயே சிக்னல் தடுமாறத் தொடங்கும். அதனால்தான் தொழில்முறை வீடியோ கேமராக்களில், உதாரணமாக சோனி எஃப்எக்ஸ்6-இல், எஸ்டிஐ என்ற வீடியோ போர்ட் வைக்கிறார்கள். கேபிள் டிவி ஒயர் மாதிரியான கேபிள், திருகிப் பூட்டும் பின். இழுத்தாலும் வராது.

படி 6: மைக்கும் ஹெட்போனும்

இரண்டும் 3.5 மி.மீ. துளை. சில மாடல்களில் அடுத்தடுத்தே இருக்கும். சிவப்பு நிறமோ மைக் படமோ இருப்பது ஒலி உள்ளே போகும் வழி. ஹெட்போன் படம் போட்டது வெளியே வரும் வழி. இருட்டில் மாற்றிச் செருகினால் எதுவும் எரிந்துபோகாது, ஆனால் ஒலியே பதிவாகியிருக்காது. வீடு வந்து பார்க்கும்போதுதான் தெரியும் என்பதால் இது இன்னும் கொடுமை.

பின்னைக் கையில் எடுத்துக் கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு வளையம் இருந்தால் டிஆர்எஸ், கேமராவுக்கானது. மூன்று வளையம் இருந்தால் டிஆர்ஆர்எஸ், மொபைலுக்கானது. மொபைல் மைக்கைக் கேமராவில் மாட்டினால் சில நேரம் ஒலி வரும், சில நேரம் இரைச்சல் மட்டும் வரும், சில நேரம் ஒன்றும் வராது. ரோட் எஸ்சி3 போன்ற சின்ன அடாப்டர் இதைச் சரிசெய்துவிடும். பலரிடமும் இருக்கும் போயா பிஒய்-எம்1 காலர் மைக் இரண்டுக்கும் ஆகும். அதன் பெட்டியில் உள்ள ஸ்விட்சைக் கேமரா பக்கம் தள்ளி, உள்ளே எல்ஆர்44 பொத்தான் பேட்டரி போட்டிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்விட்சைத் திருப்பி வைக்காவிட்டால் அடுத்த படப்பிடிப்புக்குள் பேட்டரி காலியாகிவிடும்.

கேமராவின் மைக் போர்ட் மைக்குக்குச் சில வோல்ட் மின்சாரமும் தருகிறது. பிளக்-இன் பவர் என்பது அதுதான். ரோட் வீடியோமைக்ரோ மாதிரி பேட்டரியே இல்லாத மைக்குகள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. மேடை மைக்குகளுக்கான 48 வோல்ட் ஃபான்டம் பவர் வேறு சங்கதி. எக்ஸ்எல்ஆர் எனப்படும் மூன்று முள் வட்டப் பின் கொண்ட மேடை மைக்கை வெறும் கன்வெர்ட்டர் ஒயர் போட்டுக் கேமராவில் செருகினால் அந்த மின்சாரம் வராது.

கல்யாண மண்டபத்தில் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் "அண்ணே, மிக்ஸரிலிருந்து ஒரு அவுட் கொடுங்க" என்று வாங்கிக் கேமராவில் மாட்டுவார்கள். மிக்ஸரிலிருந்து வருவது லைன் லெவல், மைக் சிக்னலைவிட பல மடங்கு பலமானது. கேமரா அதை மைக் என்று நினைத்து இன்னும் பெருக்கும். நாதஸ்வரம் கரகரவென்று உடைந்துதான் பதிவாகும். மெனுவில் லைன் என்ற தேர்வு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் நடுவில் சிக்னலின் பலத்தைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் கேபிள் போடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் தனி ரெக்கார்டரில் பதிவு செய்து பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். 1500டி மாதிரி மைக் போர்ட்டே இல்லாத கேமராக்களுக்கும் இதுதான் வழி. பதிவு தொடங்கியதும் கேமரா முன் ஒரு தடவை பலமாகக் கைதட்டினால் ஒலியையும் படத்தையும் எடிட்டிங்கில் பொருத்துவது சுலபம்.

ஒலி அளவைத் தானியங்கியில் விடாமல், பேச்சின் உச்சம் மீட்டரில் -12 டெசிபல் அருகே வரும்படி நீங்களே வையுங்கள். ஹெட்போன் போர்ட் இருந்தால் எப்போதும் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். மீட்டர் ஆடுவதைப் பார்த்து ஏமாறலாம், அது சட்டைக் காலர் உரசும் சத்தமாகவும் இருக்கலாம். ஃபியூஜி எக்ஸ்-டி4-இல் ஹெட்போன் துளை கிடையாது. டைப்-சி-யில் மாட்டும் அடாப்டரைப் பெட்டியிலேயே கொடுத்தார்கள். பழைய, சிறிய ஃபியூஜி மாடல்கள் சிலவற்றில் மைக் துளையே 2.5 மி.மீ.தான். அதற்கு ஒரு சின்ன மாற்றி வேண்டும்.

படி 7: ரிமோட்

நட்சத்திரப் பாதை, டைம்லேப்ஸ், நீண்ட நேர எக்ஸ்போஷர் இவற்றுக்கு ஷட்டரைக் கையால் தொடாமல் அழுத்த வேண்டும். கேனானின் சின்ன மாடல்களில் 2.5 மி.மீ. துளை, ஆர்எஸ்-60இ3 என்ற ஒயர் ரிமோட்டுக்கானது. பெரிய மாடல்களில் என்3 என்ற மூன்று முள் சாக்கெட். நிக்கானில் 10 முள் வட்ட சாக்கெட்டும் எம்சி-டிசி2 வகையும் உண்டு.

2.5 மி.மீ. கேனான் ரிமோட்டின் உள்வேலை ரொம்ப எளிது. பின்னின் அடிப்பகுதி பொதுக் கம்பி. நடு வளையத்தை அதோடு இணைத்தால் ஃபோகஸ் ஆகும், நுனியை இணைத்தால் ஷட்டர் விழும். உள்ளே இருப்பது இரண்டு ஸ்விட்ச்தான். அதனால்தான் இதற்கான மலிவு ரிமோட்களும் நன்றாகவே உழைக்கின்றன. வாங்கும்போது கேமரா மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் போதும்.

படி 8: ஃப்ளாஷ் சின்க், ஈதர்நெட்

பிசி என்று எழுதிய வட்டத் துளையில் கணினியை இணைக்க முடியாது. ப்ரான்டோர், காம்பூர் என்ற பழைய ஜெர்மன் ஷட்டர்களின் முதலெழுத்துகள் அவை. ஸ்டூடியோ ஃப்ளாஷை ஒயரில் இயக்குவதற்கானது. இப்போது வயர்லெஸ் ட்ரிகர் வந்துவிட்டதால் பல கேமராக்களில் இது இல்லை, பெரிதாக இழப்பும் இல்லை.

வீட்டில் தாத்தா காலத்து ஃப்ளாஷ் கிடந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். பிலிம் காலத்து ஃப்ளாஷ்களில் சிலவற்றின் ட்ரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். எலக்ட்ரானிக் கேமராக்கள் எல்லாமே அதைத் தாங்குவதில்லை. ஃப்ளாஷை ஆன் செய்து முழுதாகச் சார்ஜ் ஆகவிட்டு, அடிப்பகுதியின் நடு முனைக்கும் ஓர முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையேட்டில் உங்கள் கேமரா தாங்கும் அளவு இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள், இல்லையென்றால் மாட்டவே மாட்டாதீர்கள்.

நெட்வொர்க் கேபிள் மாட்டும் ஈதர்நெட் போர்ட் நிக்கான் இசட்9, கேனான் ஆர்3, சோனி ஏ1 மாதிரி உச்ச மாடல்களில் மட்டும் இருக்கிறது. மைதானத்தின் எல்லைக் கோட்டருகே உட்கார்ந்திருக்கும் புகைப்படக்காரர் எடுத்த படம் அடுத்த நிமிடமே பத்திரிகை அலுவலகத்துக்குப் போவது இதன் வழியாகத்தான். நமக்கெல்லாம் இது தேவைப்படாது.

படி 9: பழைய கேமரா வாங்கும்போது போர்ட்களைச் சோதியுங்கள்

பழைய கேமரா விற்பவர் ஷட்டர் கவுண்ட்டை, அதாவது இதுவரை ஷட்டர் எத்தனை தடவை விழுந்தது என்ற எண்ணை, பெருமையாகக் காட்டுவார். நீங்கள் ரப்பர் மூடிகளைத் திறந்து பாருங்கள். டார்ச் அடித்தால் உள்ளே பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று தெரியும். அது ஈரம் புகுந்ததன் அடையாளம். கடலோர ஊர்களில் பயன்படுத்திய கேமராவில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மூடியே பிய்ந்து போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு நியாயமான காரணம்.

போகும்போது கையோடு கேமராவுக்கேற்ற யூஎஸ்பி கேபிள், எச்டிஎம்ஐ கேபிள், ஒரு மைக், ஒரு ஹெட்போன் எடுத்துப் போங்கள். எச்டிஎம்ஐ-யை அங்கிருக்கும் டிவியில் மாட்டி, படம் வந்ததும் பின்னை மேலும் கீழும் லேசாக அசையுங்கள். படம் விட்டு விட்டு வந்தால் அந்தப் போர்ட் ஆட்டம் கண்டுவிட்டது. மைக்கை மாட்டி ஒரு சின்ன வீடியோ எடுத்து, அதையே ஹெட்போனில் போட்டு இரண்டு காதிலும் ஒலி வருகிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தால் மைக் துளைக்குள் ஒரு முனை விட்டுப்போயிருக்கலாம். அது ஒற்றை ஒலி மைக்காக இருந்து இப்படி ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் வேறு மைக் ஒன்றையும் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். யூஎஸ்பி-யில் லேப்டாப்பை இணைத்து ஒரு படத்தை நகலெடுங்கள். சார்ஜ் விளக்கு எரிவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம்.

பல கேமராக்களில் இந்தப் போர்ட்கள் மெயின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. ஒரு சின்னத் துளை ஆடினாலும் முழு போர்டையும் மாற்றச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கணக்குப் போடுவார்கள். நல்ல சிப் லெவல் வேலைக்காரர் கிடைத்தால் சாக்கெட்டை மட்டும் மாற்றித் தருவார், செலவும் பெரிதும் குறையும். எந்தப் போர்ட்டாவது ஆடினால் இந்தச் செலவைக் கழித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.